கையால் ஒரு வாழ்த்து அட்டை

(எமது சங்கத்தின் மாதாந்த ஒன்றுகூடலில் அங்கத்தவர் ஒருவர் ஆற்றிய உரை. புத்தாண்டு மலருக்காக அவரே எழுதித் தந்தது.)



மேடையில் ஏறிப் பேசி எனக்குப் பழக்கம் இல்லை. ஊரில் உயர்தரப் பரீட்சை எழுதியதோடு என் படிப்பு முடிந்தது. இங்கே அட்டைப் பெட்டி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் மெசினுக்குப் பக்கத்தில் நிற்கிற வேலை. மெசின் சத்தத்தில் எட்டு மணித்தியாலம் வாய் திறக்காமல் நிற்பவனைப் பிடித்துப் பேசச் சொன்னது எங்கள் செயலாளர் அண்ணைதான்.

போன மாதம் அவர் போன் எடுத்து, "தம்பி, நீர் அந்தக் காட் செய்யிற வேலையைப் பற்றி ஒரு இருபது நிமிசம் கதையும்" எண்டார். "அண்ணை, அது கதைக்கிற விசயம் இல்லை, செய்யிற விசயம்" எண்டு சொன்னன். "அப்ப செய்யிறதைக் கதையும்" எண்டுபோட்டுப் போனை வைச்சிட்டார். ஆகவே இன்றைய பேச்சில் பிழை ஏதும் இருந்தால் அதில் அரைவாசி அவருக்கும் சேரும்.

நான் கையால் வாழ்த்து அட்டை செய்கிறவன். றப்பர் சீல் குத்திப் படம் போடுவேன். ஊசியால் கடதாசியைத் துளைத்துப் பூவும் எழுத்தும் போடுவேன். இதைக் கேள்விப்பட்ட சில நண்பர்கள், "என்ன மச்சான், பொம்பிளையளின்ரை வேலையைத் தொடங்கிட்டாய்?" என்று பகிடி பண்ணினார்கள். அவர்களும் இண்டைக்கு இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன். ஆனால் அவர்களில் இரண்டு பேர் தங்கள் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு என்னிடம்தான் அட்டை செய்வித்தவை என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

நாங்கள் வாழும் இந்த நெதர்லாந்தில் அட்டை அனுப்புவது எவ்வளவு பெரிய விசயம் என்பது உங்களுக்குத் தெரியும். பிள்ளை பிறந்தால் அட்டை, பரீட்சை பாஸ் பண்ணினால் அட்டை, வீடு மாறினால் அட்டை, வருத்தம் வந்தால் அட்டை, செத்தவீட்டுக்கும் அட்டை. யாருடைய பிறந்தநாளும் மறந்து போகக்கூடாது என்று மலசலகூடச் சுவரில் பிறந்தநாள் கலண்டர் தொங்கவிடுகிற சனம் இவர்கள். முதல் முறை ஒரு வீட்டுக்குப் போன இடத்தில் அதைப் பார்த்துவிட்டு, இவர்களுக்குச் சாமிப் படம் மாட்டவும் வேறு இடம் கிடையாதோ என்று நான் யோசித்ததும் உண்டு. நத்தார், புதுவருச வாழ்த்துகளுக்கு என்று நவம்பர், டிசம்பரில் விலை குறைந்த தனி முத்திரையும் விடுகிறார்கள். வந்த அட்டைகளை நூல் கட்டிச் சுவரில் கொழுவி வைப்பார்கள்.

நான் இந்த நாட்டுக்கு வந்தது 2015ஆம் ஆண்டு. தெர் ஆப்பெலில் பதிந்து, பேந்து ஒரு சின்ன ஊரில் இருந்த முகாமுக்கு அனுப்பினார்கள். முகாம் சீவியம் இங்கே அரைவாசிப் பேருக்குத் தெரிந்ததுதான். சாப்பிடுவது, படுப்பது, கடிதம் வந்ததா என்று பார்ப்பது. என் வழக்கின் முதல் முடிவு மறுப்பாக வந்த கிழமை நான் நாலு நாள் கட்டிலை விட்டு எழும்பவில்லை.

அந்த முகாமுக்கு ஒவ்வொரு புதன்கிழமையும் ஒரு வயது போன ஒல்லாந்துப் பெண்மணி சைக்கிளில் வருவார். பின்னால் ஒரு பெரிய பிஸ்கற் தகரம் கட்டியிருக்கும். அவரை எல்லோரும் "ஓமா" என்றுதான் கூப்பிடுவார்கள். ஓமா எண்டால் அவையின்ரை பாசையிலை அம்மம்மா, அப்பம்மா. அவர் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். எனக்கு விளங்கவில்லை. பழக்கத்தில் "ஓம், ஓம்" என்றேன். தன்னை உரிமையோடு கூப்பிடுகிறான் என்று நினைத்து அவருக்குச் சரியான சந்தோசம். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மேசையில் இருத்திவிட்டார். இப்படித்தான் நான் இந்தத் தொழிலுக்குள் வந்தது.

தகரத்துக்குள் மரக்கட்டையில் ஒட்டிய றப்பர் சீல்கள், மை ஒற்றுகள், அட்டைகள், பிடி போட்ட ஊசி ஒன்று. ஒரு கம்பளித் துண்டை விரித்து, அதன் மேல் அட்டையை வைத்து, அதற்கு மேல் பூப் போட்ட மெல்லிய கடதாசியை வைத்து, கோட்டு வழியே ஊசியால் குத்திக் காட்டினார். பிறகு ஊசியை என்னிடம் தந்தார். நான் பத்துப் புள்ளி குத்தினேன். அவர் என் கையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "நீ இதை முதலே செய்திருக்கிறாய்" என்றார். அந்த அளவுக்கு ஒல்லாந்துப் பாசை எனக்கு விளங்கியது.

உண்மைதான். என் அம்மா வடமராட்சியில் தையல்காரி. பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையும் சீலைச் சட்டையும் தைத்துத்தான் என்னையும் தங்கச்சியையும் வளர்த்தவ. சட்டைக்குப் பூ வேலை செய்யவேண்டும் என்றால், அம்மா முதலில் எண்ணெய்க் கடதாசியில் பூவைக் கீறி, கோடு முழுக்க ஊசியால் துளைப்பா. பிறகு அந்தக் கடதாசியைத் துணி மேல் வைத்து, நீலத்தை மண்ணெண்ணெயில் குழைத்துத் துணிப் பந்தால் தேய்ப்பா. கடதாசியை எடுத்தால் துணியில் நீலப் புள்ளியாகப் பூ நிற்கும். அந்தப் புள்ளி வழியேதான் நூல் போகும். கடதாசி அசையாமல் பிடிப்பது எனக்குத் தந்த வேலை. சில நாள் துளைக்கிற வேலையும் தருவா. பிழைத்தால் தலையில் ஒரு குட்டு.

பிறகு வாசித்து அறிந்தேன், இந்த வேலை எங்கள் ஊருக்கு மட்டும் உரியது இல்லை. பல நூற்றாண்டுகளுக்கு முன் இத்தாலியில் பெரிய ஓவியர்கள் சுவரில் படம் கீற முதல், கடதாசியில் கீறிய கோட்டை ஊசியால் துளைத்து, கரித்தூளைத் தட்டித்தான் சுவருக்கு மாற்றினார்கள். பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய வீடுகளில் கடதாசியை ஊசியால் குத்தியே படம் செய்வது ஒரு பொழுதுபோக்காக இருந்தது.

வாழ்த்து அட்டையின் கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் 1840இல் ஒரு பென்னிக்குத் தபால் அனுப்பலாம் என்று வந்தது. அதைக் கொண்டுவரப் பாடுபட்டவர்களில் ஹென்றி கோல் என்பவரும் ஒருவர். தபால் மலிந்தவுடன் அவருக்கே கடிதம் வந்து குவியத் தொடங்கியது. நத்தாருக்கு எல்லோருக்கும் பதில் எழுத நேரம் இல்லாமல், 1843இல் ஜோன் ஹோர்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு ஒரு படம் கீறுவித்து, ஆயிரம் பிரதி அச்சடித்து அனுப்பினார். மிஞ்சியதை ஒரு சிலிங் விலைக்கு விற்றார்கள். கடைகளில் விற்ற நத்தார் அட்டைகளில் முதலாவது அதுதான். படத்தில் குடும்பமாக இருந்து வைன் குடிக்கிறார்கள், சின்னப் பிள்ளைக்கும் பருக்குகிறார்கள் என்று அந்தக் காலத்திலேயே சிலர் குறை சொன்னார்கள். வாழ்த்து அனுப்பினாலும் குறை சொல்ல ஆள் இருக்கும் என்பது அப்பவே தொடங்கிவிட்டது.

றப்பர் சீலுக்கும் எங்கள் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. றப்பர் வெய்யிலுக்கு உருகி, குளிருக்கு வெடித்துப் போகிற சாமானாக இருந்தது. கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதிப்படும் என்பதை அமெரிக்கர் சார்ள்ஸ் குட்இயர் கண்டுபிடித்து 1844இல் உரிமம் எடுத்தார். அதற்குப் பிறகுதான், 1860களில், றப்பர் சீல் வந்தது. 1876இல் ஹென்றி விக்ஹம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலில் இருந்து ஏறக்குறைய 70,000 றப்பர் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவற்றில் கிட்டத்தட்ட 1,900 கன்றுகள் அதே ஆண்டு இலங்கைக்குக் கப்பலேறி, கம்பஹாவில் உள்ள ஹெனரத்கொட தோட்டத்தில் நடப்பட்டன. அங்கே இருந்து விதையாகப் பல இடங்களுக்கும் போனது. ஓமாவின் தகரத்துச் சீலைக் கையில் எடுக்கும்போதெல்லாம், நீயும் இலங்கை வழியே வந்த ஆள்தானோ என்று எனக்கு ஒரு நினைவு வரும்.

சரி, இனிச் செய்முறைக்கு வருவோம். தாய்மார் கொப்பியோடு வந்திருக்கிறீர்கள், நன்றி.

முதலில் அட்டை. ஏ4 அளவு அட்டையைக் குறுக்கே இரண்டாக வெட்டுங்கோ. ஒரு பாதியை நடுவில் மடித்தால் தபாலட்டை அளவு வரும். மடிக்க முதல், அடிமட்டத்தை வைத்து எழுதாத பேனையால் ஒரு கோடு அழுத்திவிட்டால் மடிப்பு வெடிக்காது. சதுர மீற்றருக்கு 240 கிராம் உள்ள அட்டை நல்லது. அதில் செய்த ஒரு அட்டை ஏழரைக் கிராம் வரும். ஏழரை எண்டவுடனை சனியை நினையாதையுங்கோ. தபாலில் 20 கிராம் வரைக்கும் ஒரு முத்திரை போதும். உறையோடும் உள்ளே ஒட்டுகிற கடதாசியோடும் சேர்த்து அந்த 20ஐத் தாண்டாமல் பார்க்கவேண்டும். வீட்டுச் சமையல் தராசில் வைத்துப் பாருங்கோ.

அடுத்தது சீல். மையில் இரண்டு சாதி. ஒன்று தண்ணீர் போல ஊறி உடனே காய்வது. மற்றது தடித்தது, ஆறுதலாகக் காய்வது. சாதாரண படத்துக்கு முதலாவது போதும். சீலை மையில் தேய்க்கக்கூடாது, தட்டித் தட்டி எடுக்கவேண்டும். அட்டையில் நேராக வைத்து, ஆட்டாமல் அழுத்தி, நேராகத் தூக்கவேண்டும். ஆட்டினால் கரை இழுபட்டுப் படத்துக்கு நிழல் விழும். வேலை முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கோ. காய்ந்த மை அடுத்த நிறத்தைப் பழுதாக்கும்.

தடித்த மையில் குத்தியவுடன், அதற்கென்று விற்கும் தூளைக் கொட்டி, மிஞ்சியதைத் தட்டிவிட்டுச் சூடு காட்டினால், தூள் உருகிப் படம் பொங்கி மினுங்கும். நான் முதலில் தலைமயிர் காயவைக்கிற மெசினைப் பிடித்தேன். தூள் முழுக்கக் குசினிக்குள் பறந்தது. மனைவி இரண்டு நாள் கதைக்கவில்லை. அதற்கு காற்றுக் குறைந்த, சூடு கூடின தனி மெசின் உண்டு.

சீல் வாங்கக் காசு செலவழிக்கத் தேவையில்லை. கிரிங்லோப் கடைகளில் பழைய சீல்கள் மலிவாகக் கிடைக்கும். அதுவும் இல்லையா, நாங்கள் சின்ன வகுப்பில் செய்த வெண்டிக்காய் அச்சு ஞாபகம் இருக்கிறதா? வெண்டிக்காயைக் குறுக்கே வெட்டி மையில் தோய்த்துக் குத்தினால் பூ. உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி, ஈரத்தை ஒற்றிவிட்டுச் செதுக்கினால் குத்துவிளக்கும் செய்யலாம், நிறைகுடமும் செய்யலாம். சித்திரைப் புத்தாண்டுக்கு நத்தார்த் தாத்தா சீல் உதவாது. எங்களுக்கு வேண்டிய சீலை நாங்கள்தான் செய்யவேண்டும்.

மூன்றாவது ஊசி வேலை. தையல் ஊசியின் கண் உள்ள பக்கத்தை ஒரு தக்கைக்குள் செருகினால் பிடி போட்ட ஊசி. கீழே விரிக்கக் கம்பளித் துண்டு, இல்லாவிட்டால் கொம்பியூட்டர் எலியின் கீழ் வைக்கிற மெத்தை. மாதிரிக் கடதாசியை அட்டையில் அசையாதபடி ஒட்டுங்கோ. ஊசியை நேர்குத்தாகப் பிடியுங்கோ, சரித்தால் துளை நீண்டு போகும். முன்பக்கத்தில் இருந்து குத்தினால் முன்னால் துளை மட்டும் தெரியும், பின்னால் புடைக்கும். பின்பக்கத்தில் இருந்து குத்தினால் முன்னால் புடைக்கும். இந்த ஒரு வித்தியாசத்தை மறக்காதையுங்கோ. அதைப் பற்றித்தான் நான் இனிச் சொல்லப்போகிறேன். மாதிரி வேண்டும் என்றால் கோலத்தை எடுங்கோ. புள்ளி வைத்துத் தொடங்குகிற கலை அது, ஊசிக்கென்றே செய்தது போல இருக்கும்.

அம்மாவுக்குக் கனகாலமாகச் சீனி வருத்தம். கண்ணுக்கு இறங்கிவிட்டது. ஒரு நாள் வாட்ஸ்அப்பில் கதைக்கும்போது சொன்னா, "தம்பி, இனி வீடியோவைப் போடாதை. எனக்கு வெளிச்சம் மட்டும்தான் தெரியுது, உன்ரை முகம் தெரியேல்லை. குரல் காணும்." நான் சரி என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு இரவு வேலை. மெசினில் பெட்டி மாறி மாறி வந்துகொண்டிருந்தது. என் பக்கத்தில் நின்ற போலந்துக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் என் இடத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார்.

என்னிடம் இருக்கிற அகதிப் பயணப் புத்தகம் உங்களில் பலரிடமும் இருந்தது. எல்லா நாட்டுக்கும் போகலாம், சொந்த நாட்டைத் தவிர. ஒரு கிழமை கழித்து யோசித்தேன். அம்மாவின் கண்தான் போனது, விரல் போகவில்லை. நாற்பது வருசம் ஊசி பிடித்த விரல். ஊசியால் "அம்மா" என்று எழுதி ஒரு அட்டை அனுப்பினால் என்ன?

முதல் அட்டை செய்தேன். முன்பக்கம் இருந்து, மிக வடிவாகக் குத்தினேன். இரண்டு மூன்று கிழமையில் போய்ச் சேர்ந்தது. தங்கச்சி "நல்ல வடிவாய் இருக்கு அண்ணா" என்றாள். அம்மா, "மேலே வழுவழுப்பாய்க் கிடக்கு. உள்பக்கம் என்னமோ தட்டுப்படுது, எழுத்து விளங்கேல்லை" என்றா. எப்படி விளங்கும்? புடைப்பு முழுக்கப் பின்னால். அதுவும் கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலம் மாறி. கண்ணால் பார்க்கிறவனுக்கு என்று செய்து, கண் தெரியாதவவுக்கு அனுப்பியிருக்கிறேன்.

இரண்டாவது முறை எழுத்தை மெல்லிய கடதாசியில் எழுதி, அதைத் திருப்பி, அட்டையைக் குப்புற வைத்துப் பின்பக்கம் இருந்து குத்தினேன். எழுத்துத் தெளிவாக வரட்டும் என்று மிக நெருக்கமாகக் குத்தினேன். இந்த முறை அம்மா தானே போனுக்கு வந்தா. "கோடு மாதிரி ஓடுது, ஒரு இடத்திலை கிழிஞ்சும் போச்சு. நெருக்கிக் குத்திப்போட்டாய். ஒரு நூல் விட்டுக் குத்து எண்டு உனக்கு எத்தனை தரம் சொன்னனான்?" ஏழாயிரம், எண்ணாயிரம் கிலோமீற்றருக்கு அங்கால் இருந்து வந்த குட்டு அது.

ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. மூன்று மில்லிமீற்றரும் சொச்சமும். கண் தெரியாதவர்கள் தடவி வாசிக்கும் பிரெயில் எழுத்தில், ஒரு எழுத்துக்குள் புள்ளிக்குப் புள்ளி இரண்டரை மில்லிமீற்றர் அளவில் விட்டிருக்கிறார்கள். மிகவும் கிட்ட வந்தால் விரலுக்குத் தனிப்புள்ளியாகத் தெரியாது. அம்மா புத்தகம் பார்த்துச் சொல்லவில்லை, பழக்கத்தில் சொன்னா. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் வருகிறது. பிரெயிலைத் தந்த லூயி பிரெயில் 1809இல் பிரான்சில் பிறந்தவர். தகப்பனார் குதிரைச் சேணம் தைப்பவர். மூன்று வயதில் தகப்பனின் பட்டறையில் தோல் துளைக்கிற கூரான ஆயுதத்தோடு விளையாடி, கண்ணில் குத்திப் பார்வை போனது. அவரே 1829இல் ஆறு புள்ளி எழுத்தை வெளியிட்டார். பிள்ளைகளுக்கு ஊசி கொடுக்கும் பெற்றோர் இந்தக் கதையை நினைவில் வையுங்கோ. பக்கத்தில் இருந்துதான் கொடுக்கவேண்டும்.

வயது போன காலத்தில் அம்மாவுக்குப் பிரெயில் படிப்பிக்க ஆள் இல்லை. அவவுக்குத் தெரிந்தது எங்கள் தமிழ் எழுத்து. ஆகவே மூன்றாவது அட்டையில் எழுத்தைப் பெரிதாக்கினேன். மூன்று சென்ரிமீற்றர் உயரம், புள்ளிக்கு இடையில் மூன்று மில்லிமீற்றர். ஒரு "அ"வுக்கு முப்பது, முப்பத்தைந்து குத்து வரும். 300 கிராம் அட்டை எடுத்தேன், புடைப்பு உறுதியாக நிற்கும். பின்பக்கத் துளைகளில் மெல்லிசாகக் கம் பூசிக் காயவிட்டேன். தபால் மெசினில் நசியாமல் இருக்க, நடுவில் யன்னல் வெட்டின இன்னொரு அட்டையை மேலே வைத்தேன். இந்த அட்டைத் துண்டுகள் எங்கள் தொழிற்சாலையில் கழிவாகப் போகிறவை. மேற்பார்வையாளரைக் கேட்டுத்தான் எடுத்தேன்.

அது போய்ச் சேர்ந்த அன்று தங்கச்சி போனை அம்மாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். எனக்கு விரல் கடதாசியில் உரசுகிற சத்தம் கேட்டது. "அ..." என்றா. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. "ம்... இது ம்மன்னா, மேலை புள்ளி கிடக்கு." பிறகு "மா. அம்மா" என்றா. நான் பேசவில்லை, அவவும் பேசவில்லை. கடைசியில் அவதான் தொடங்கினா. "அரவிலை ஒரு புள்ளி விட்டுப்போட்டாய் தம்பி."

போனை வைத்துவிட்டு மாதிரிக் கடதாசியை எடுத்து எண்ணிப் பார்த்தேன். உண்மைதான். மா எழுத்தின் அரவில், வளைவுக்குக் கீழே ஒரு புள்ளி குத்தாமல் விட்டிருந்தேன். நான் கண்ணாடி போட்டுக்கொண்டு இருந்து செய்தவன். அவ விரலால் பிடித்துவிட்டா.

இங்கே பிறந்த என் மகளுக்கு இப்போது ஏழு வயது. அப்பம்மா பேத்தியை நேரில் கண்டதில்லை. இனிக் கண்டாலும் முகம் பார்க்க முடியாது. தமிழ் எழுதச் சொன்னால் மகள் கையைக் கட்டிக்கொண்டு இருப்பாள். "ஏன் அப்பா, இந்த எழுத்துக்கு இவ்வளவு வளைவு?" என்று கேட்பாள். ஒரு நாள் நான் குத்துவதைப் பார்த்துவிட்டுத் தானும் செய்யவேண்டும் என்றாள். "அப்பம்மா" என்று இரண்டு வரியாக எழுதிக் குத்தினோம். ஏன் எழுத்தைத் திருப்பி வைக்கவேண்டும் என்று கேட்டாள். அட்டையைப் புரட்டிக் காட்டி, கண்ணை மூடித் தடவிப் பார் என்றேன். தடவிவிட்டு, "எனக்கு அ தெரியுது" என்றாள். ஒவ்வொரு வளைவையும் முப்பது தரம் குத்தின பிள்ளைக்கு அந்த எழுத்து மறக்காது. இப்போது மாதம் ஒரு எழுத்து புதிதாகக் கேட்கிறாள். அப்பம்மா அதைத் தடவி, பிழை சொல்லி அனுப்புகிறா. எங்கள் தமிழ்ப் பள்ளி ஆசிரியை கோபிக்கக்கூடாது, அப்பம்மா கொஞ்சம் கண்டிப்பு.

ஆகவே சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, தமிழ்ப் பள்ளி முடிந்த பிறகு ஒரு மணித்தியாலம், இந்த மண்டபத்தில் ஒரு மேசை தாருங்கோ. தக்கையும் ஊசியும் நான் கொண்டு வருவேன். அட்டைத் துண்டுக்கும் என் பொறுப்பு. பிள்ளைகள் ஊரில் இருக்கிற அம்மம்மாவுக்கோ அப்பப்பாவுக்கோ தங்கள் கையால் ஒரு பெயர் குத்தி அனுப்பட்டும். கண் தெரிந்தவர்கள் பார்க்கட்டும், தெரியாதவர்கள் தடவட்டும். புத்தாண்டுக் கைவிசேடம் கொடுக்கும் காசை வெறும் உறையில் வைக்காமல் பிள்ளைகள் செய்த உறையில் வைத்துக் கொடுக்கட்டும். எங்கள் ஒல்லாந்து அயலவர்களுக்கும் சித்திரை வாழ்த்து ஒன்று போகட்டும். வருசா வருசம் அவர்களுடைய அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கிறோம்.

ஓமா இப்போது வயோதிபர் இல்லத்தில் இருக்கிறார். போய்ப் பார்த்தால் என் பெயர் சில நாள் ஞாபகம் வராது. ஆனால் "ஓம்" என்று நான் சொன்னால் சிரிப்பார். நான் செய்த சித்திரை அட்டை அவருடைய சுவரில் நூலில் தொங்குகிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அங்கே வேலை செய்கிறவர்கள் கேட்பார்களாம். தெரியாது, ஆனால் துளைகள் நேராக இருக்கின்றன என்று சொல்வாராம்.

போன கிழமை அம்மா போனில் சொன்னா, "நீ அனுப்பின காட் தடவித் தடவிப் புள்ளி தேஞ்சு போச்சு. வருசத்துக்கு இன்னொண்டு போடு. இந்த முறை அரவைப் பார்த்துக் குத்து." அது செய்து தபாலில் போட்டுவிட்டேன். புள்ளிகளை மகளும் நானும் இரண்டு தரம் எண்ணினோம்.

பேச்சு நீண்டுவிட்டது, மன்னிக்கவும். அந்தப் பின் மேசையில் பத்து ஊசியும் தக்கையும் வைத்திருக்கிறேன். தேத்தண்ணி குடித்துவிட்டு வாங்கோ. பகிடி பண்ணின நண்பர்களும் வாங்கோ, உங்களுக்கென்று தடித்த ஊசி எடுத்து வைத்திருக்கிறேன்.

எல்லோருக்கும் என் இனிய தமிழ்ப் புத்தாண்டு நல்வாழ்த்துகள்.